எந்தப் பக்கம்

சட்டர் பாதியில் நின்றது. நான் குனிந்தேன்.
பிறகு அது நிற்கவில்லை.
அவ்வளவுதான் கதை.
திருநெல்வேலிச் சந்திக்குப் பக்கத்தில்
கம்பஸ் பிள்ளைகள் நோட்ஸ் அடிக்கிற
என் போட்டோகொப்பிக் கடையில்
இரவு எட்டே முக்காலுக்கு
இடது காதுக்கு மேலே ஆறு தையல்.

பெரியாஸ்பத்திரியில் முதல் இரவு
இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் எழுப்பினார்கள்.
"பேர் சொல்லுங்கோ."
கஜவதனன்.
"இது என்ன இடம்?"
யாழ்ப்பாணம்.
"இண்டைக்கு என்ன நாள்?"
அதைச் சட்டர் விழ முதலும்
கலண்டரைப் பார்த்துத்தான் சொல்லுவேன்.

துண்டு வெட்டும்போது சின்ன டொக்டர் சொன்னா:
தலைமாட்டை உயர்த்துங்கோ,
தையல் பக்கம் அழுத்தாதையுங்கோ,
குப்புறப் படுக்கவே கூடாது.
சுபேதினி கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே
கடைத் தாள்கட்டுகளை அடுக்கினாள்,
காலுக்கு இரண்டு.
கட்டுக்கு ஐந்நூறு ஒற்றை.
இரண்டாயிரம் வெற்றுத்தாளின் மேலே
என் தலை.
இரவிரவாய் வழுக்கி வழுக்கிக்
கால்மாட்டில் போய் முட்டுகிறேன்.

விடியப்புறம் மூன்று மணிக்கு அது தொடங்கும்.
மெசினின் மூடியைத் திறந்துவிட்டு அடித்தால்
வெளிச்சம் எப்படிப் போகும்,
பச்சையாய், அவசரமில்லாமல்,
அப்படிக் கண்ணுக்குப் பின்னால்
ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு.
பிறகு திரும்பி வரும்.
எத்தனை கொப்பி என்று
யாரும் சொல்லிவிட்டுப் போகவில்லை.

இடப்பக்கம் தையல்.
நேராகக் கிடந்தால் பிடரி இறுகும்.
வலப்பக்கம்
நான் ஒருநாளும் படுத்ததில்லை.
பழக்கம், வேறென்ன.
கலியாணம் முடித்த புதிதில் சுபேதினி கேட்டிருக்கிறாள்,
"ஏன் எப்பவும் எனக்கு முதுகைக் காட்டுறியள்?"
சிரித்துவிட்டுச் சுவரைப் பார்த்தேன்.

கிளினிக்கில் பெரிய டொக்டர்
படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.
"அடிபட்ட இடத்தில ஒண்டுமில்லை. நல்ல விசயம்."
பிறகு பேனை முனையால்
வலது காதுக்குப் பின்னால் ஓரிடத்தைத் தொட்டார்.
"இது பழசு. இரும்பு. எப்ப பட்டது?"
குறுணியிலும் சிறிது.
சாம்பல் சாம்பலாய்க் கலங்கிக் கிடந்த என் தலைக்குள்ளே
அது ஒன்றுதான் தெளிவாக இருந்தது.

எனக்குத் தெரியாது என்றேன்.
ஏழு வயதில், தென்மராட்சிக்குப் போகிற சனத்துக்குள்
மழையில் நடந்தபோது
ஏதோ தெறித்து இரத்தம் வந்தது.
கல்லு, என்றா அம்மா.
பாவாடைக் கரையைக் கிழித்துக் கட்டினா.
கல்லென்றுதான் அவவும் நம்பியிருப்பா.

"காந்தப் பெட்டிக்குள்ள மட்டும் உங்களை விட ஏலாது,
மற்றும்படி ஒண்டும் செய்யாது.
இவ்வளவு நாளும் இருந்ததுதானே."
இருந்தது.
ஓட்டோவில் வீடு வரும்வரை
காதுக்குப் பின்னால் கையை எடுக்கவில்லை.
கள்ளனைப் பிடித்தவன் மாதிரி.
எந்தப் பக்கம் படுப்பது என்று
அதுவல்லோ இவ்வளவு காலமும்
தீர்மானித்திருக்கிறது.

நேற்று இரவு வலப்பக்கம் திரும்பினேன்.
பயந்த அளவுக்கு ஒன்றும் குத்தவில்லை.
தோள்மூட்டுத்தான் நொந்தது.
பதினொரு வருசத்தில் முதல்தரம்
சுபேதினி நித்திரை கொள்வதைப் பார்த்தேன்:
வாய் கொஞ்சம் திறந்து,
ஒரு கை தலையணைக்குக் கீழே,
யாரிடமோ கணக்குக் கேட்பது போல நெற்றி சுருங்கி.

மூன்று மணிக்கு வெளிச்சம் போகத் தொடங்கியது.
பல்லைக் கடித்த சத்தம் கேட்டிருக்க வேண்டும்.
கண்ணைத் திறவாமலே கேட்டாள்,
"இண்டைக்கு என்ன நாள்?"
தெரியேல்லை.
"அப்ப சரியாத்தான் இருக்கிறியள்."

காலையில் கடைப் பெடியன் வந்து நிற்கிறான்.
தாள் முடிந்துவிட்டதாம், ஏதோ சோதனையாம், வரிசையாம்.
அவள் தன்பக்கக் கட்டில் காலிலிருந்து
ஒரு கட்டை உருவிக் கொடுத்துவிட்டாள்.

இன்றிரவு
கட்டில் சரிகிற பக்கம்.