போறதா இருந்துச்சு

மண்டபம் வடக்குத் துறையிலிருந்து
பதினோராம் தேதி விடிகாலை
'சகாய ஜோதி' கடலுக்குப் போவதாக இருந்தது.
டோக்கன் வாங்கியாயிற்று.
முந்நூற்றைம்பது லிட்டர் டீசல், பதினெட்டுப் பெட்டி ஐஸ்,
ஒரு சிப்பம் அரிசி.
கலீல் மட்டும் வருவதாக இல்லை,
மைத்துனனுக்கு நிக்காஹ்.

பத்தாம் தேதி இரவே வாடை எழுந்தது.
நங்கூரக் கயிறு அறுந்து
நூறு பாகம்கூட நகராமல்
கல்லில் மோதி
படகு உட்கார்ந்துவிட்டது.

இன்சூரன்ஸ் கடிதம் இங்கிலீஷில் வந்தது.
சம்பவ நேரத்தில் படகு எங்கே போய்க்கொண்டிருந்தது?
எல்லைக்கு எவ்வளவு தூரம்?

ரயில்வே கேட் பக்கம் என் ஜெராக்ஸ் கடை.
இன்னாசி உட்காரவில்லை.
நான் தட்டினேன்: வாஸ் கோயிங் டு.

"கோயிங்னா போறதுதான?"
"ஆமா."
"அப்ப போச்சுன்னு எழுதிட்டியா தாயி?
போச்சுன்னா காசில்லம்பான்."

இல்லண்ணே,
இதில் கோயிங் இருக்கும், யாரும் போகமாட்டார்கள்.
வாஸ் முன்னால் நின்று
கயிற்றைப் பிடித்துக்கொள்ளும்.
நேற்றில் நின்றபடி நாளையைப் பார்க்கிற...
சொல்லச் சொல்ல எனக்கே குழம்பிப்போனது.

"நம்ம பேச்சுலயே இருக்குல்ல.
போறதா இருந்துச்சு.
டீசல் இருந்துச்சு, ஐசு இருந்துச்சு,
போறதும் இருந்துச்சு.
அதுக்கு என்ன தருவான்?"

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
உடல், எஞ்சின், வலை. மூன்றே வரி.

என் டிராயரில் ஒரு ரயில் டிக்கெட் கிடக்கிறது.
ஆகஸ்ட் பத்தொன்பது, மேல் படுக்கை.
தாம்பரத்தில் இறங்குவதாக இருந்தேன்.
ஸ்டேஷனுக்கு வருவதாக இருந்தவன் பெயரை
இங்கே எழுதப்போவதில்லை.
வண்டி கேட்டைக் கடந்தபோது
யாருடைய ஆதாரையோ
இரண்டு பக்கமும் நகல் எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றரை மாதம் கழித்து இரண்டாவது கடிதம்.
டோக்கன் வாங்கிய படகு
கிளம்பவில்லை என்பதற்குச் சான்று அனுப்பவும்.

வி.ஏ.ஓ. சிரித்தாராம்.
மீன்துறையில் நாளைக்கு வா என்றார்களாம்.
போகாததை யார் பார்த்தார்கள்?
எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள் இன்னாசி மஞ்சள் பையைத் திறந்து
ஒரு முழக் கயிறு எடுத்து வைத்தார்.
"இதுக்கு ஒரு காப்பி போடு."

கண்ணாடிமேல் வைத்து மூடி அழுத்தினேன்.
மூடி சரியாக மூடவில்லை.
தாள் ஓரமெல்லாம் கறுத்து,
நடுவில் கயிறு,
பிரிந்த நுனியில்
ஒவ்வொரு இழையும் தனித்தனியாய்.

"ரெண்டா போடு" என்றார்.