எட்டாம் மாடியில் ஒரு தெரு

நெகேசா,
அலுவலகத்தில் அழைப்பு மடல் ஒன்று
அச்சடித்துத் தயாராக இருக்கிறது.
'மதிப்பிற்குரிய வெளிநாட்டு நண்பரே' என்று தொடங்கும்.
ஐயாயிரம் ஆண்டுப் பண்பாடு இரண்டாம் பத்தியில்,
அதிவேக ரயில் மூன்றாம் பத்தியில்,
அடியில் உன் கடவுச்சீட்டு எண்ணுக்குக் கட்டங்கள்.
அதையும் அனுப்பியிருக்கிறேன், விசாவுக்கு வேண்டும்.
இது வேறு.

வோய் நகரில்
பாலத் தூண்களுக்கு நான் மட்டம் பார்த்த நாட்களில்
நீ கேட்டாய்:
உன் ஊர் என்ன வாசம் அடிக்கும்?
நான் எங்கள் ஊர்ப் பாலங்களின் எண்ணிக்கையைச் சொன்னேன்.
நீ சிரித்துவிட்டுச்
சோளக்களியில் ஒரு துண்டு கிள்ளி
என் தட்டில் வைத்தாய்.
ஒன்பது வருடமாக
அந்தக் கேள்வி என்னிடம் கடனாக நிற்கிறது.

வா.
சோங்சிங்கில் இறங்கியதும்
கைபேசி வரைபடத்தை நம்பாதே.
நான் நிற்கிற புள்ளியில்தான் கொண்டுவந்து நிறுத்தும்,
ஆனால் நான் உனக்கு இருபத்திரண்டு மாடி கீழே
கையாட்டிக்கொண்டிருப்பேன்.
எங்கள் கட்டடத்தின் முதல் மாடியில் ஒரு தெரு.
எட்டாம் மாடியில் இன்னொரு தெரு,
பேருந்து நிறுத்தத்தோடு.
தரைத்தளம் எது என்று லிஃப்டில் கேட்டுப்பார்.
எந்தத் தரை? என்பார்கள்.

வாசம், சொல்கிறேன்:
மாட்டுக் கொழுப்பில் வதங்கும் மிளகாய்.
மார்கழி முழுக்கக் காயாத துணி.
ஆற்றிலிருந்து படியேறி வரும் பனிமூட்டம்.
புதுச் சிமெண்ட்.
எந்த நேரமும், எங்கேயாவது, புதுச் சிமெண்ட்.

காலை முதல் மெட்ரோவில்
முதுகுக்கூடையில் கீரையோடு ஏறுவார் கோங் அக்கா.
கழுத்தில் கியூஆர் அட்டை.
சில்லறை கொடுத்தால் முறைப்பார்,
அந்தக் காகிதத்தை வைத்து நான் என்ன செய்ய என்று.
கூடவே ஒரு கொத்து வெங்காயத்தாளை
விலையில்லாமல் திணிப்பார்.
அதற்கு எந்தச் செயலியிலும் பொத்தான் இல்லை.

இரவு பாலத்தடியில் நடனம்.
ஒலிபெருக்கி அலறும், எதிர்வீட்டுக்காரர் காவலரை அழைப்பார்,
காவலர் வருவார்,
அவருடைய மாமியார் முதல் வரிசையில் ஆடிக்கொண்டிருப்பார்.
ஓரத்தில் ஸ்கூட்டரில் சாய்ந்து
ஒரு பையன் குளிர்ந்த நூடுல்ஸ் தின்பான்,
அடுத்த ஆர்டருக்கு நான்கு நிமிடம் மீதம்.
ஒளிரும் கோபுரங்களைப் படமெடுக்கும் உன் கைபேசியில்
அவனும் விழட்டும். வெட்டிவிடாதே.

பிறகு உன்னைப் படகில் கூட்டிப்போவேன்.
ஓரிடத்தில் எஞ்சினை நிறுத்தச் சொல்வேன்.
நேர் கீழே என் பள்ளிக்கூடம்.
நூற்று எழுபத்தைந்து மீட்டர் என்று
கரையில் ஒரு பலகை இருக்கும்,
அணைத் தண்ணீர் ஏறி நின்ற மட்டம்.
அந்த வருடம் எங்களுக்குக் குழாய்த் தண்ணீரும்
வெள்ளைச் சுவரும் கிடைத்தன.
அம்மா விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தாள்.
இரண்டும் நிஜம், நெகேசா.
எட்டாவது தூண் நிற்பது உன் மாமாவின் நிலத்தில்.
இழப்பீட்டுத் தாளில் கையெழுத்திட்டுவிட்டு
அவர் வெகுநேரம் தூணைத் தட்டிப் பார்த்தாரே,
நினைவிருக்கிறதா?
உறுதியாகத்தான் இருக்கிறது, என்றார்.
பாராட்டா கோபமா என்று
எனக்கு இன்றுவரை தெரியாது.

உனக்குக் காட்டுவதற்காக மட்டும் கூப்பிடவில்லை.
இந்த ஊரில் தினமும் நடப்பவளுக்கு
ஊர் தெரிவதில்லை.
நீ மூச்சு வாங்கிப் படியேறும்போது
எங்கே நிற்கிறாய் என்று பார்க்க வேண்டும்,
அங்கே நானும் நின்றுகொள்வேன்.

'வருகையின் நோக்கம்' என்ற கட்டத்தில்
'பண்பாட்டுப் பரிமாற்றம்' என்று எழுதிவிட்டேன்.
வேறென்ன எழுத.
முதல் இரவு கொதிச்சட்டி.
எங்கள் மிளகு பட்டால்
அரை மணி நேரம் நாக்கு உன்னுடையது அல்ல,
அப்போது நீ சொல்வது எதுவும் எனக்குப் புரியாது,
நான் சொல்வது உனக்கும்.

தடித்த காலுறை மூன்று ஜோடி கொண்டு வா.
துவைத்தால் காயாது.

வென் யாவ்