தாழ்ப்பாள்

தகப்பன் ஒன்றரை மீட்டர் தாண்டியவன்.
தாய்வழியில் மூன்று தலைமுறை
கால் மடக்கும் அழகுக்குப் பேர்போனது.
விந்துக் குப்பிக்கு வீப்கே கொடுத்த விலையில்
டிராக்டருக்கு நாலு சக்கரமும் மாற்றியிருக்கலாம்.

ஹோல்ஸ்டைன் சதுப்பில், ஏப்ரல் மழையில்
விழுந்தது குட்டி.
சாய்ந்த தோள், திரண்ட பின்தொடை:
தாண்டத்தான் பிறந்தது என்றார்கள் பார்த்தவர்கள்.

நான்கு வயதில் கம்பத்தின் முன் நிறுத்தினாள்.
முகர்ந்தது.
சுற்றிக்கொண்டு போய்
அந்தப் பக்கம் நின்று அவளைப் பார்த்தது.

அன்றிரவு
வேலித் தாழ்ப்பாளை உதட்டால் நீக்கி
பக்கத்துப் பண்ணை ஹின்னெர்க்கின் மாடுகளை
ஒன்று விடாமல் ஓட்டிக்கொண்டு வந்திருந்தது
வாசலுக்கு.

பதிவேட்டில் 'தாண்டல்' என்ற கட்டத்தில்
பேனா வைத்தபடி வெகுநேரம் இருந்தாள்.
பிறகு
ஹின்னெர்க்குக்குத் தொலைபேசினாள்:
மாடு எண்ண வா.
சேணத்தையும் எடுத்து வா.