நாலு நொடி

பத்து மில்லிநொடி தூங்கு என்றேன்.
பதினைந்தரை தூங்கியது.
சரி, ஒன்றே ஒன்று தூங்கு என்றேன்.
அதற்கும் பதினைந்தரை.

நொடிக்கு அறுபத்து நான்கு முறைதான்
கண் திறக்குமாம் இந்தப் பெட்டி.
நடுவில் யார் கதவைத் தட்டினாலும்
அடுத்த விழிப்பு வரை
வாசலில் நிற்கவேண்டியதுதான்.

வென்ட்ஸ்பில்ஸ் துறைமுகம். ஜனவரி.
காலை எட்டரைக்கும் விடியாத வானம்.
தானியக் கிடங்கின் மூன்றாம் மாடியில்
தொண்ணூற்றெட்டில் யாரோ எழுதிய மென்பொருள்,
சாம்பல் சதுரங்கள்,
எழுதியவனுக்கு முகவரி இல்லை.
உள்ளே விடாத அந்த வீட்டின்
வெளியில் நின்று பொத்தான் அழுத்த
ஸ்கிரிப்ட் எழுதுகிறேன்,
அதற்குத்தான் சம்பளம்.

முந்திக்கொண்ட கிளிக்
இன்னும் பிறக்காத ஜன்னலைத் தாண்டிப்போய்
பின்னால் இருப்பதன்மேல் விழும்.
‘சேமி’ வரவேண்டிய இடத்தில்
‘நீக்கு’ உட்கார்ந்திருக்கும்.
முதல் வாரம் பதினோரு லாரி ஓட்ஸ்
கணக்கிலிருந்து காணாமல் போனது.

எங்கள் லாட்விய மொழியிலும் குறில் நெடில் உண்டு.
கஸஸ் என்றால் ஆடுகள்.
முதலெழுத்தை ஒரு மாத்திரை நீட்டினால்
காஸஸ், கல்யாணம்.
அந்த வாரம் முழுக்க
ஆடுகளுக்குப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்தேன்.

இனி தூங்கவே தூங்காதே என்றேன்.
கடிகாரத்தைப் பார், பார், பார்,
எண் வரும்வரை கண்ணை எடுக்காதே.
வந்தது துல்லியம்.
கூடவே மின்விசிறியின் ஓலமும்
பக்கத்து மேசையிலிருந்து வெல்டாவின் முறைப்பும்.

வெல்டா என்னைவிட இரண்டு வயது இளையவள்.
இதே வேலையை ஒன்பது வருடமாகக் கையால் செய்கிறாள்.
கேட்டுக்கொண்டு, மூன்று நாள்
அவள் விரல்களின் நேரத்தைப் பதிந்தேன்.
டேப் விசைக்கு நூற்றிருபது.
எடை எண்களுக்கு எண்பது, எண்பத்தைந்து, எண்பது.
ஒரு தும்மல், இரண்டாயிரத்துச் சொச்சம்.
கப்பல் பெயர் வந்தால் மட்டும்
நாலு நொடி.
எப்போதும். நாலு, நாலேகால், நாலு.

மென்பொருள் அங்கே திணறுகிறதோ?
சோதித்தேன். இல்லை,
அறுபது மில்லிநொடியில் தயாராகிவிடுகிறது.
தூக்கக் கலக்கம், வேறென்ன,
என்று நாலு நொடியையும் நறுக்கினேன்.
நாளைக்கு இருபத்தாறு நிமிடம் மிச்சம் என்று
உல்டிஸிடம் கணக்குக் காட்டினேன்.
மேலாளர் தோளைத் தட்டினார்.

பிப்ரவரி மூன்று, இரவு.
‘ஸ்கைத்ரீதே’ கப்பலில்
இரண்டாயிரத்து நூறு டன் கோதுமை ஏறியதாக
ஒரு மில்லிநொடி பிசகாமல்
பதிந்தது என் ஸ்கிரிப்ட்.

கப்பல் அட்டவணையில் இருந்தது.
துறையில் இல்லை.
பனிமூட்டத்துக்கு அப்பால்
நங்கூரம் போட்டுக் கிடந்தது.

திருத்தப் படிவத்தில் கையெழுத்துப் போட
வெல்டாவைக் கீழே அழைத்துவிட்டார்கள்.
அவள் நாற்காலியில் உட்கார்ந்து
அழிக்கவேண்டிய வரிகளை எண்ணினேன்.
இடது தோளுக்கு மேலே ஒரு ஜன்னல்,
நிஜ ஜன்னல்.
உறைபனி மூடிய கண்ணாடியில்
உள்ளங்கை அளவுக்கு ஒரு வட்டம் மட்டும் தெளிவாக.

திரும்பினேன்.
வட்டத்தைத் துடைத்தேன்.
விளக்கடியில் நின்ற ஒரு கப்பலின் பெயரைப் படித்தேன்.
திரைக்குத் திரும்பினேன்.

நாலேகால்.

இப்போது அந்த இடத்தில்
‘தூங்கு’ இல்லை, ‘காத்திரு’ இருக்கிறது.
கப்பல் நிற்கிறதா என்று ஒரு சின்னப் பெட்டி கேட்கும்.
ஆம் என்று அவள் அழுத்தும்வரை
எதுவும் நகராது.
எவ்வளவு நேரம் எடுக்கும் என்கிறார் உல்டிஸ்.
அந்த வரியில் எண்ணே இல்லை என்று
எப்படிச் சொல்ல?

மின்விசிறி அடங்கிவிட்டது.
நொடிக்கு அறுபத்து நான்கு முறை கண் திறந்து,
பதில் இல்லையென்று பார்த்து,
மறுபடி மூடிக்கொள்கிறது பெட்டி.
வெல்டா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.