கடைசி எழுத்து

கீழக்கரை நடுத்தெரு,
ஹபீபு மரைக்காயர் வீட்டு மாடி.
கொழும்புச் செய்தித்தாளில் சுற்றிய
நாற்பத்தோரு இசைத்தட்டுகள்.
லேபிளை உப்புக்காற்று தின்றுவிட்டது.
பாடியவர், ராகம், கம்பெனி
எல்லாம் ஒரே பழுப்பு.

சோப்பு நீரில் துடைத்து வெயிலுக்குச் சாய்த்தால்
முள் ஓடி ஓய்கிற இடத்தில்
யாரோ கீறிய எண்.
நான்கா ஒன்பதா என்று
மூன்று நாளாகப் பார்க்கிறேன்.

எழுபத்தெட்டில் சுற்றினால் ஐந்து கட்டை,
சிறுமி.
எழுபத்து நான்கில் நாலரை,
பத்து வயது கூடிவிடுகிறது.
எது அவள் தொண்டை?

செஞ்சுருட்டிதான், அதில் சந்தேகமில்லை.
ஆர்மோனியக்காரர் ஓரிடத்தில் தடுமாறுகிறார்.
அவள் நின்று, அவர் வந்து சேர்ந்ததும்
அதே வரியை மறுபடி எடுக்கிறாள்.
மூன்று நிமிடத் தட்டில்
நாலு வினாடியை
இப்படியும் செலவழித்திருக்கிறாள்.

பாட்டு முடிந்து பெயர் சொல்லும்போது
விரிசல் வருகிறது:
டக், டக், ணி செங்கமலம்.

ஆரணி. திருத்தணி.
"நம்ம திருப்புல்லாணின்னே போடுங்களேன்"
என்கிறார் மரைக்காயர்.
"பஸ்ஸுல அரை மணி நேரம்.
யாரு கேக்கப் போறா?"
எனக்கும் ஆசைதான்.

இன்னொரு தடவை கேட்க முள்ளை வைத்தேன்.
கரண்ட் போனது.
தட்டு தளரத் தளர
அவள் ஆணாகி, முனகலாகி,
அப்புறம் ஜட்டிப் பக்கம்
ஏதோ ஒரு வள்ளத்தின் மோட்டார் மட்டும்.

அட்டையில் எழுதினேன்:
ஊர், கோடு, கோடு, ணி.

மரைக்காயர் அதை வாங்கிப் பார்த்தார்.
பென்சிலைத் திருப்பித் தந்துவிட்டு
அடுத்த தட்டின் தாளைப் பிரித்தார்.