மஞ்சள் அரை லிட்டர்

கரண்ட் போய் வந்த பதினோரு மணிக்கு
கல்லுக்கட்டிக் கடையில்
போனை நீட்டினான் சேவுகமூர்த்தி:
இந்தச் சாமி முகத்துப் பச்சை வேணும்க்கா.

கானாடுகாத்தான் ஓட்டலில்
சாப்பாட்டுக் கூடத்துச் சுவர் முழுக்க எகிப்து.
பெல்ஜியம் கண்ணாடிக்கு எதிரே
தை பிறக்குமுன் நைல் ஓட வேண்டுமாம்.

செத்த சாமி அது.
தம்பி வெட்டி எறிந்தான், பொண்டாட்டி பொறுக்கிச் சேர்த்தாள்,
எழுந்தது. அதனால் பச்சை.
கல்லறைக்குள் அந்தச் சாமி உருவில் பெட்டி செய்து
மண் நிரப்பி, விதை தூவி,
இருட்டில் வைப்பார்களாம்.

முளைப்பாரி, என்றேன்.
அப்படியென்றால் இலைப்பச்சை கூடாது.
வெயில் பாராத பச்சை,
மஞ்சளை விட்டு இன்னும் புறப்படாத பச்சை.
மெஷினில் அதற்கு எண் இல்லை.
துளித்துளியாக ஏமாற்றி எடுத்து
டப்பா மூடியில் கட்டைவிரலால் தொட்டு
ஃபேனுக்குக் கீழே காய வைத்தோம்.

காயும்வரை பேச்சு.
நீலத்துக்கு மணலும் சுண்ணாம்பும் செம்பும்
சேர்த்துச் சுட்டார்களாம்.
நம்ம ஊர்ச் சுவரும் அதேதான்,
செம்பு மட்டும் விட்டுப்போச்சு, என்றேன். சிரித்தான்.

கறுப்பு அங்கே நல்ல நிறம்.
வெள்ளம் வடிந்து விட்டுப்போகும் வண்டல்;
நாட்டின் பேரே கறுப்பு மண்.
சிவப்புதான் ஆகாது. பாலைவனம், ஆங்காரம்,
கொன்ற தம்பி.
பயப்படும் பேர்களைச் சிவப்பு மசியில் எழுதுவார்களாம்.
சொல்லிவிட்டு வெளியே பார்த்தான்.
செம்மண் படிந்த பொன்னமராவதி பஸ்,
செம்மண் காலோடு ஒரு நாய்.
நான் கடன் நோட்டைப் பார்த்தேன்.
அவன் பேர், நாலாயிரத்து முந்நூற்றைம்பது,
சிவப்பில்.

வெள்ளிக்கிழமை மறுபடி வந்தான்.
மஞ்சள் அரை லிட்டர்.
ஆம்பளைக்குச் செங்காவி, பொம்பளைக்கு மஞ்சள்,
மூவாயிரம் வருசம் அப்படித்தான் போட்டிருக்கான்.
ஏன்டா?
அவ வெயிலுக்கு வரமாட்டாக்கா. வீட்டுக்குள்ள இருக்கறவ.

இருபது கிலோ வாளிகளை
லாரியிலிருந்து நான் இறக்குவதை
எத்தனை முறை பார்த்திருக்கிறான்.
முழங்கைக்குக் கீழே என் நிறம்
ஆத்தங்குடித் தரையின் ஓரக் கட்டம்.

மெஷினை அணைத்தேன்.
கையை வாசல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு
ஆக்சைடு சிவப்பு, கொஞ்சம் காவி,
ஊசிமுனையளவு கறுப்பு.
மூடியைச் சுத்தியலால் தட்டி இறுக்கினேன்.

மஞ்சள்தானேக்கா?
மஞ்சள்தான்.
சுவர்கிட்டப் போய்த் திற.