காலை ஐந்தரை

மண்டபம் டோக்கன் ஆபீசில்
நான் எழுதிய டிரைவர்
முதல் வாரமே பொய் சொன்னது.

வடகடலுக்குப் போய்
இன்னும் கரை சேராத விசைப்படகு
திரும்பிய நேரம்:
1970 ஜனவரி ஒன்று, காலை ஐந்தரை.

"அப்ப நான் பொறக்கவே இல்லையே சார்"
என்றாள் ரெஜினாள்,
கவுன்டர் கம்பியை விடாமல்.
அவள் புருஷன் போன படகு.

டேட்டாபேஸ் சரியாகத்தான் வைத்திருந்தது,
அந்தக் கட்டத்தில் ஒன்றுமே இல்லை.
ஒன்றுமில்லாததைப் பூஜ்ஜியமாக்கி
ஜாவாவிடம் நீட்டியது
என் கைதான்.

கரண்ட் போய்ப் போய் வர
ஒரு வரி சேர்த்தேன்.
வெறுமை என்றால்
வெறுமை என்றே சொல்.

மறுபடி ஓட்டினேன். கட்டம் காலி.

"இன்னும் வரல. அவ்வளவுதானே?"

பேனா கேட்டு வாங்கி
டோக்கன் நம்பரை
உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.